மீன் நோர்வேஜியருக்கு, மான் சாமிகளுக்கா? லெபெஸ்பி பற்றி ஓர் இழை

கேள்வி, 13 நவம்பர் 2024

நேற்று நோர்வே நாடாளுமன்றம், வடக்கின் பூர்வகுடிகளான சாமிகளிடமும், பின்லாந்திலிருந்து முன்னர் வந்து குடியேறியவர்களின் வழிவந்த குவேன், வனஃபின் மக்களிடமும், அவர்களை வற்புறுத்தி நோர்வேஜியர் ஆக்கியதற்காக மன்னிப்புக் கேட்டதாகச் செய்தி வந்தது. எனக்குத் தெரிந்தவரை சாமி மக்கள் உள்நாட்டில் துருவ மான் மேய்ப்பவர்கள், வடக்குக் கடலோர மீன்பிடி ஊர்கள் நோர்வேஜியருடையவை. அப்படியிருக்க, வடகோடியில் உள்ள லெபெஸ்பி மாதிரி மீனை நம்பி வாழும் கொம்யூன்களுக்கும் (நம் பிரதேசசபை மாதிரி) இந்த மன்னிப்புக்கும் என்ன தொடர்பு? அந்தப் பக்கம் வேலை செய்த தமிழர் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

14 நவம்பர், இரவு

இருக்கிறேன். தொண்ணூறுகளில், லெபெஸ்பியின் வடபகுதி இருக்கும் நோர்ட்ஷின் தீபகற்பத்தில் ஒரு மீன் ஆலையில் வேலை செய்தேன். ஊரும் ஆலையும் எதுவென்று கேட்க வேண்டாம். அங்கே எல்லாரையும் எல்லாருக்கும் தெரியும்.

தம்பி சொன்ன பிரிவினை பாதி நோர்வேக்காரர் மனதிலும் இருக்கிறது. சுற்றுலா அட்டையில் மானும் சாமிகளின் நீலச் சட்டையும்தான் வரும். ஆனால் சாமிகளில் மான் வைத்திருப்பவர்கள் எப்போதும் சிறுபான்மைதான். நோர்வேயின் வடகோடி மாகாணமான ஃபின்மார்க்கின் கரையில் நூற்றாண்டுகளாகப் படகும் தூண்டிலும் ஆடுமாக வாழ்ந்தவர்கள் கடலோரச் சாமிகள். செய்தியில் வந்த மன்னிப்பு அவர்களைத்தான் மிக நெருக்கமாகத் தொடுகிறது, ஏனென்றால் அதிகம் அழிந்தது அவர்களுடைய மொழி.

லெபெஸ்பியை வரைபடத்தில் பாருங்கள். வடக்கே திறந்த கடலை ஒட்டி ஷொல்லஃபியோர்ட். மீன் ஆலை, கொம்யூன் அலுவலகம், ஹூர்ட்டிக்ரூட்டன் என்ற கரையோரப் பயணிகள் கப்பல் நிற்கும் துறை எல்லாம் அங்கே. தெற்கே லக்செஃபியோர்ட் என்ற கடற்கழி (ஃபியோர்ட் என்பது அதுதான்) நிலத்துக்குள் நீண்டு போகிறது. அதன் கரையில் லெபெஸ்பி கிராமம், வெய்ட்னெஸ், கூனெஸ், இஃபியோர்ட். வடக்கில் பெரும்பாலும் நோர்வேஜியர், உள்ஃபியோர்டில் கடலோரச் சாமிகள். நிலம் சுமார் 3,460 சதுர கிலோமீற்றர், யாழ்ப்பாண மாவட்டத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல். ஆட்கள் ஆயிரத்து இருநூறு, முந்நூறு பேர். அதிலும் பெரும்பகுதி ஷொல்லஃபியோர்டில்தான்.

15 நவம்பர்

காலையில் பார்த்தால் ஐந்தாறு பதில்கள். ஒருவர் "வடகோடி நோர்ட்காப்தானே" என்கிறார். நோர்ட்காப் ஒரு தீவில் இருக்கிறது. ஐரோப்பியப் பெருநிலத்தின் வடகோடி நோர்ட்ஷின் தீபகற்பத்தில் இருக்கும் ஷின்னாரொட்டன் முனை. பேருந்து போகாது, நடந்துதான் போக வேண்டும். அதனால்தான் அங்கே நினைவுப் பொருள் கடை இல்லை.

குளிரைப் பற்றிக் கேட்டவருக்கு: நினைப்பதுபோல் இல்லை. அத்திலாந்திக்கின் வெப்ப நீரோட்டம் அதுவரை எட்டுவதால் கரைக்கடல் உறைவதில்லை. துன்பம் காற்றில்தான் இருக்கிறது. மரம் கிடையாது, காற்றை மறிக்க ஒன்றும் இல்லை. நவம்பர் பிற்பகுதியில் மறையும் சூரியன் ஜனவரி பிற்பகுதியில்தான் எட்டிப்பார்க்கும்.

15 நவம்பர், மாலை

கடலோரச் சாமிகள் எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்டதற்கு. ஒரு வீட்டுக்கு இரண்டு மூன்று பசு, கொஞ்சம் செம்மறி, ஒரு படகு. ஆண்கள் கடலில், தொழுவம் பெண்கள் கையில். புல் போதாது, கோடை குறுகியது. அதனால் மீன்தலையையும் கடற்பாசியையும் பெரிய பானையில் நீர்விட்டுக் கொதிக்க வைத்து, ஆறிய பிறகு மாட்டுக்குக் கொடுப்பார்கள். இதை முதலில் கேட்டபோது பகிடி விடுகிறார்கள் என்று நினைத்தேன். என்னோடு வேலை செய்த ஒரு மூதாட்டி சின்ன வயதில் அந்தப் பானையைக் கிளறியவர். பாலில் மீன் வாசம் வராதா என்று கேட்டேன். "வரும், அதனால் என்ன?" என்றார்.

கரையோர நோர்வேஜியரும் பெரும்பாலும் இப்படித்தான் வாழ்ந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாழ்க்கை முறையில் அவ்வளவு வித்தியாசம் இல்லை. இது பின்னால் தேவைப்படும்.

இன்னொன்று, ரஷ்ய வணிகம். 18ஆம் நூற்றாண்டு முதல் 1917 புரட்சி வரை, வெள்ளைக்கடல் பக்கத்துப் பொமோர் வணிகர்கள் கோடையில் கப்பலில் மாவு கொண்டுவந்து மீன் வாங்கிப் போவார்கள். கோடையில் மீனைத் தொங்கவிட்டுக் காயவைக்க முடியாது. ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். வேறு யாரும் வாங்காத அந்தக் காலத்து மீனை ரஷ்யர்கள் வாங்கி உப்பிட்டுக் கொண்டு போனார்கள், பதிலுக்கு ரொட்டிக்கு மாவு கிடைத்தது. நோர்வேஜியர், சாமி, ரஷ்யர் எல்லாரும் பேரம் பேச ஒரு கலவை மொழியே இருந்தது. சில நூறு சொல், இலக்கணம் மிகக் குறைவு, வேலை நடந்தது. ஆலையில் எங்கள் முதல் வருடத்து நோர்வேஜியன் அதைவிட மோசம்.

17 நவம்பர்

சரி, மன்னிப்புக்கு வருவோம்.

19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து நோர்வே அரசு சாமிகளையும் குவேன்களையும் நோர்வேஜியர் ஆக்குவதைக் கொள்கையாகவே வைத்திருந்தது. 1851இல் அதற்கென்று தனி நிதி. நோர்வேஜியன் கற்பிப்பதில் வெற்றிகண்ட ஆசிரியருக்கு மேலதிகச் சம்பளம். 1898இல் வந்த சுற்றறிக்கை வகுப்பில் சாமி மொழிக்கு இருந்த இடத்தை மேலும் நெருக்கியது. பிறகு விடுதிப் பள்ளிகள். 1902இல் வந்த நிலச் சட்டம்தான் எனக்கு மிகவும் உறைத்தது. ஃபின்மார்க்கில் அரச நிலம் வாங்க வேண்டுமானால் நோர்வேஜியன் பேசவும் எழுதவும் படிக்கவும் தெரிய வேண்டும், அன்றாடம் அதைப் பயன்படுத்தவும் வேண்டும். 1965 வரை அது சட்டப் புத்தகத்தில் இருந்தது.

இதையெல்லாம் ஆராய நாடாளுமன்றம் அமைத்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2023 ஜூன் 1ஆம் திகதி அறிக்கை கொடுத்தது. அதன் தொடர்ச்சிதான் போன கிழமை கேட்ட மன்னிப்பு.

சட்டம் ஒரு பக்கம். வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதை நான் வெளிச்ச மேசையில் நின்று கேட்டேன். வெளிச்ச மேசை தெரியாதவர்களுக்கு: கீழிருந்து விளக்கெரியும் வெள்ளை மேசை. அதில் கொட் மீனின் சதைத்துண்டை (ஃபிலே) விரித்தால் சதை கண்ணாடிபோல் தெரியும், முள்ளும் சுருண்ட புழுவும் கறுப்பாக நிற்கும். கத்தி நுனியால் புழுவைக் கிளப்பி, முள் வரிசையை ஒரே இழுப்பில் வெட்டி, அடுத்ததற்குப் போக வேண்டும். கை வேலை செய்யும், வாய் சும்மா இருக்கும். அதனால் எல்லாக் கதையும் அங்கே வரும்.

எதிரில் நின்றவர் லக்செஃபியோர்ட்காரி. அவருடைய தாயும் சித்தியும் ரெலிபோனில் மட்டும் சாமியில் பேசுவார்களாம். பிள்ளைகள் அறைக்குள் வந்தால், சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தின் நடுவிலேயே நோர்வேஜியனுக்கு மாறிவிடுவார்களாம். நீ சாமியா என்று நான் வெள்ளந்தியாகக் கேட்டேன். கத்தியை நிறுத்தாமல் "நாங்கள் ஃபியோர்ட் ஆட்கள்" என்றார். அதற்கு மேல் அன்று ஒன்றும் சொல்லவில்லை.

18 நவம்பர்

"அவர்களும் எங்களைப் போலத்தான்" என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. எங்கள் மொழிக்குப் பள்ளி உண்டு, பத்திரிகை உண்டு, கோடிக்கணக்கில் பேசுபவர்கள் உண்டு. அந்தப் பெண்ணின் தாய்மொழி ஒரு தலைமுறைக்குள் வீட்டுக்குள்ளேயே நின்றுபோனது, அதுவும் பிள்ளை நன்றாக இருக்கட்டும் என்று தாயே எடுத்த முடிவால். இரண்டையும் ஒன்றாகக் கட்டி அனுதாபப்பட்டால் இரண்டையும் பார்க்காமல் விட்டுவிடுவோம். ஒப்பிட வேண்டுமென்றால் அங்கேயே குவேன் மக்கள் இருக்கிறார்கள்.

18 நவம்பர், பிறகு

வரிச்சலுகை பற்றித் தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு இங்கேயே பதில். ஆம், உண்டு. 1990 முதல் ஃபின்மார்க்கும் அதன் மேற்கே ஒட்டிய வட துரும்ஸும் தனி வலயம். வருமான வரி குறைவு, மின்சாரத்துக்கு வற் (VAT) வரி இல்லை, முதலாளி கட்டும் சமூகப் பாதுகாப்பு வரி இல்லை, அங்கே வேலை செய்தால் கல்விக்கடனில் வருடாவருடம் ஒரு பங்கைத் தள்ளுபடி செய்வார்கள். இத்தனை இருந்தும் ஆட்கள் போகாததற்குக் காரணம் கீழே வரும்.

23 நவம்பர்

பழைய வீடுகளின் படம் கேட்டிருந்தீர்கள். பழைய வீடு கிடையாது.

1944 அக்டோபரில் சோவியத் செம்படை கிழக்கெல்லை ஊரான கிர்க்கெனெஸ் வரை வந்ததும், பின்வாங்கிய ஜேர்மன் படை ஃபின்மார்க்கையும் வட துரும்ஸையும் எரித்துக்கொண்டே போனது. வீடு, தொழுவம், படகுத்துறை, பள்ளி, பெரும்பாலான தேவாலயங்கள். சுமார் 50,000 பேரை வலுக்கட்டாயமாகத் தெற்கே அனுப்பினார்கள். பலர் போகாமல் குகைகளிலும் கவிழ்த்த படகின் கீழும் புல்மண் குடிசைகளிலும் அந்தக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். லெபெஸ்பியும் பக்கத்துக் காம்விக்கும் தப்பவில்லை.

நோர்ட்ஷினைப் பெருநிலத்தோடு சேர்ப்பது ஹொப்செய்டெ என்ற ஒடுங்கிய நிலத்துண்டு. 1945 மே 6, ஜேர்மனி சரணடைய இரண்டு நாள்தான் இருந்தது. நீர்மூழ்கிக் கப்பலில் வந்த ஜேர்மன் படையினர் அங்கே இறங்கி 6 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த வழியாகப் போகும்போது நினைவுக்கல் தெரியும்.

போர் முடிந்தவுடன் யாரும் திரும்ப வேண்டாம், ஒழுங்காகத் திட்டமிட்டுக் கட்டுவோம் என்றது அரசு. சனம் கேட்கவில்லை, கிடைத்த பலகையோடு வந்துவிட்டது. பிறகு எழுந்தவை அரசு வரைபடப்படி கட்டிய ஒரே மாதிரி மரவீடுகள். ஷொல்லஃபியோர்டிலும் உள்ஃபியோர்டிலும் அதே கூரை, அதே சன்னல்.

இங்கேதான் 15ஆம் திகதி எழுதியதைத் தொடுகிறேன். போருக்கு முன்னர் உள்ஃபியோர்டில் சாமி வீடு என்று பார்த்தவுடன் தெரிவது புல்மண் கூரை வீடு. அது எரிந்தது. உடை எரிந்தது. பால் பானை முதல் படகு வரை பார்த்தால் தெரிகிற எல்லாம் போயின. மொழி ஏற்கெனவே பிள்ளைகளிடம் இல்லை. வாழ்க்கை முறையோ அக்கம்பக்கத்து நோர்வேஜியரைப் போலத்தான். அதற்குப் பிறகு வந்த குடிசனக் கணக்கெடுப்பில் தங்களைச் சாமி என்று எழுதக் கடலோரத்தில் மிகச் சிலரே முன்வந்தார்கள். ஊர் நோர்வேஜியர் ஊராக மாறியது இப்படித்தான். ஆட்கள் அதே ஆட்கள்.

24 நவம்பர்

தீ, சாவு என்று எழுதிவிட்டேன் என்று குறை சொல்கிறீர்கள். அப்படியானால் ஒரு கலவரக் கதை.

பக்கத்து மேஹாம்னில் திமிங்கில ஆலை ஒன்று இருந்தது. 1903 ஜூனில் மீனவர்கள் கூட்டமாகப் போய் அதை இடித்துத் தள்ளினார்கள். புகைபோக்கியைக் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்தார்கள். இராணுவம் வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் முடிந்துவிட்டது. காரணம்: லொட்டே என்ற சின்ன மீன் கூட்டத்தைக் கரைக்கு விரட்டுவது திமிங்கிலம், அதைத் துரத்திக்கொண்டு வருவது கொட். திமிங்கிலத்தைக் கொன்றால் கொட் கரைக்கு வராது என்று மீனவர்கள் நம்பினார்கள். படித்தவர்கள் அதை மூடநம்பிக்கை என்றார்கள். ஆனாலும் நாடாளுமன்றம் 1904இலிருந்து பத்து வருடத்துக்கு வடக்குக் கரையில் திமிங்கில வேட்டையைத் தடை செய்தது. அந்த 1903 தேர்தலில்தான் தொழிற்கட்சி முதல் தடவையாக நாடாளுமன்றத்துக்குள் போனது, பெரும்பாலும் வடக்கு வாக்குகளால்.

திமிங்கிலக் கணக்கு சரியோ தவறோ, லொட்டே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை எண்பதுகள் காட்டின. அதை எழுதத்தான் போகிறேன்.

25 நவம்பர்

லெபெஸ்பித் தீர்க்கதரிசியைப் பற்றிக் கேட்டவருக்கு: அந்தக் கதை எனக்குத் தெரியாமல் இல்லை. லெபெஸ்பியில் வாழ்ந்த அன்டன் யோஹான்சன் (1858–1929) என்ற மீனவர் உலகப்போர் பற்றியெல்லாம் தரிசனம் கண்டதாகச் சொல்வார்கள். இணையத்தில் ஆண்டுக்கு ஒரு தடவை அவரை யாராவது எழுப்புவார்கள். நான் அவரை எழுப்பப் போவதில்லை.

2 டிசம்பர்

நண்டு. எல்லாரும் நண்டைத்தான் கேட்கிறீர்கள்.

ஸ்டாலின் போட்ட நண்டு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஸ்டாலின் 1953இல் இறந்துவிட்டார். சோவியத் விஞ்ஞானிகள் பசிபிக் கரையின் கம்சட்கா பக்கத்துச் செந்நண்டை, ராஜநண்டு என்கிறார்களே, அதைக் கொண்டுவந்து கோலாக் கரையில் மூர்மன்ஸ்க் பக்கம் விட்டது 1960களில். அது பெருகி மேற்கே நகர்ந்தது. கால் விரித்தால் ஒரு மீற்றருக்கு மேல். முதலில் மீனவருக்குத் தலையிடி: வலையில் ஏறி மீனைத் தின்று, வலையைச் சிக்கலாக்கி, பிரித்தெடுக்க அரைநாள். இப்போது தலைகீழ். 2002 முதல் வணிகப் பிடிப்பு. நோர்ட்காப்புக்குக் கிழக்கே இவ்வளவுதான் என்ற ஒதுக்கீட்டோடு பிடிக்கலாம், மேற்கே பரவாமல் இருக்க அங்கே தாராளமாகப் பிடிக்கலாம். ஒரே பிராணி, கோட்டுக்கு இந்தப்பக்கம் சொத்து, அந்தப்பக்கம் தொல்லை.

இதனால் பிழைத்த ஊர் பூகொய்னெஸ். லெபெஸ்பியில் இல்லை, வெகு கிழக்கே. குவேன் பூர்வீகம். 1989இல் மீன் ஆலை மூடி வழியற்றுப்போய், அந்த ஊரே நாளிதழில் விளம்பரம் கொடுத்தது: எங்களை மொத்தமாக எடுத்துக்கொள்ள யாராவது இருக்கிறீர்களா என்று. தெற்கே எங்காவது சேர்ந்து குடிபோகத் தயார் என்றார்கள். இன்று அங்கே நண்டு சாப்பிட வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள்.

9 டிசம்பர்

இதை எழுதத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். ஒதுக்கீடு.

எண்பதுகளின் நடுவில் பேரண்ட்ஸ் கடலில் லொட்டே கூட்டம் சரிந்தது. தின்ன ஒன்றும் இல்லாமல் கடல்நாய்கள் கிழக்கிலிருந்து கூட்டம் கூட்டமாக ஃபியோர்ட்களுக்குள் வந்தன. 1987, 88இல் பல்லாயிரம் கடல்நாய் வலையில் சிக்கிச் செத்தது. வலை போட்டால் கடல்நாய்தான் வரும், மீன் வராது. உள்ஃபியோர்டின் சின்னப்படகுக்காரர் வலை போடுவதையே நிறுத்தினார்கள், வேறு வேலை தேடினார்கள். கொட் நிலையும் மோசமாகி, 1989 ஏப்ரல் 18ஆம் திகதி கரையோர கொட் பிடிப்பையே அரசு நிறுத்தியது.

1990இல் ஒரு படகுக்கு இவ்வளவு மீன் என்ற படகுவாரி ஒதுக்கீடு வந்தது. யாருக்கு? முந்தைய சில வருடங்களில் போதிய அளவு மீன் இறக்கியதாகக் கணக்குக் காட்டியவர்களுக்கு. எந்த வருடங்கள் என்று பாருங்கள். கடல்நாய் வந்த அதே வருடங்கள். திறந்த கடலுக்குப் போகக்கூடிய பெரிய படகுக்காரரிடம் கணக்கு இருந்தது. ஃபியோர்டில் தூண்டிலும் சின்ன வலையும் போட்டு, ஆடு வளர்த்து, கொஞ்சம் கூலிவேலையும் செய்து வாழ்ந்தவரிடம் இல்லை. அவர்கள் எஞ்சியதைப் போட்டிபோட்டுப் பிடிக்கும் திறந்த பிரிவில் விழுந்தார்கள். உரிமம் உள்ளவரின் உரிமமோ நாளடைவில் பணமாயிற்று. 2000களில் ஒதுக்கீடுகளை வாங்கிச் சேர்க்க அனுமதி வந்ததும் அது தெற்கே, பெரிய படகுகளுக்குப் போயிற்று.

சாமிகளைக் குறிவைத்து யாரும் இந்த விதியை எழுதவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். 1902 சட்டத்தில் வஞ்சகம் வெளிப்படையாக இருந்தது, எதிர்த்து நிற்கலாம். 1990 விதியில் சாமி என்ற சொல்லே இல்லை, விளைவோ உள்ஃபியோர்ட் காலி.

1989 என்ற வருடத்தையும் கவனியுங்கள். அதே வருடம் அக்டோபரில், ஃபின்மார்க்கின் உள்நாட்டு ஊரான காரஷொக்கில், சாமிகள் தாங்களே தேர்ந்தெடுக்கும் சாமி நாடாளுமன்றத்தை மன்னர் ஒலாவ் திறந்து வைத்தார்.

10 டிசம்பர்

"பிறகு திருத்தவில்லையா?" என்று கேட்கிறார் தம்பி. பாதி.

2005இல் வந்த ஃபின்மார்க் சட்டம், அந்த மாகாண நிலத்தில் 95 வீதத்துக்கு மேல் அரசிடமிருந்து எடுத்து அங்கத்தைய மக்கள் எல்லாருக்குமான ஒரு பொது அமைப்பிடம் கொடுத்தது. நிலம்தான், கடல் இல்லை. கடலுக்கு என்ன என்று பார்க்க, முன்னாள் தலைமை நீதியரசர் கார்ஸ்டன் ஸ்மித் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். 2008இல் குழு சொன்னது: ஃபின்மார்க் கடலோரத்தில் வாழும் எவருக்கும், சாமியோ இல்லையோ, நெடுங்கால வழக்கத்தால் மீன்பிடி உரிமை உண்டு, அதைச் சட்டமாக்குங்கள். அரசு உரிமையை ஒப்புக்கொள்ளவில்லை. 2012இல் சட்டங்களை அங்கங்கே திருத்தி, திறந்த பிரிவுச் சின்னப்படகுகளுக்கு வடக்கில் ஒரு மேலதிக ஒதுக்கீடு கொடுத்தது. கொடுத்தது என்றுதான் சொல்ல முடியும், அடுத்த வருடம் குறைக்கலாம்.

அந்தக் குழுவின் "சாமியோ இல்லையோ" என்ற நிலைப்பாடு எனக்குப் பிடித்தது. ஃபியோர்டின் ஒரு கரையில் உள்ளவருக்கு மட்டும் உரிமை என்றால் அடுத்த நாளே ஊர் இரண்டாகும். வேறு பலர் இதை ஏற்கமாட்டார்கள் என்பதும் தெரியும். பூர்வகுடி உரிமையைக் கரைத்துவிட்டார்கள் என்பார்கள்.

11 டிசம்பர்

மீன்தலை பற்றி ஒரு சின்னது. கொட் தலையை வெட்டி எறிகிற இடத்தில் தமிழாக்கள் போய் வாளியோடு நின்றது உண்மை. குழம்புக்கு. ஆனால் எறிவதாக நாங்கள் நினைத்த தலையில் பெரும்பகுதி காய்ந்து நைஜீரியாவுக்குப் போகிறது, அங்கே நல்ல விலை. நாக்கு இன்னொரு தொழில், அது பிள்ளைகளுக்கு. பலகையில் நிமிர்த்திய கூர் இரும்பில் தலையைக் குத்தி, நாக்கை ஒரே வெட்டு, வாளியில் போடு. மார்ச் மாதம் பள்ளிக்குப் பிறகு பத்து வயதுப் பொடியன்கள் ஒரு வளர்ந்தவரின் நாள் சம்பளம் எடுப்பார்கள். அதில் சாமி, நோர்வேஜியர் என்ற பேச்சே இல்லை. வேகம்தான் பேச்சு.

19 ஜனவரி 2025

விட்டுப்போன இழையைத் தூக்கிவிட்டது யார்? சரி.

முதல் குறிப்பில் வடக்கு நோர்வேஜியர், உள்ஃபியோர்ட் சாமி என்று போட்டது வரைபடத்துக்கு உதவும், ஆளுக்கு ஆள் பார்த்தால் உதவாது. ஷொல்லஃபியோர்ட் குடும்பங்களில் தோண்டினால் லக்செஃபியோர்ட் பாட்டி வருவார். மூன்றாம் தலைமுறை அதைத் தேடுகிறது, மொழி படிக்கிறது, பெப்ரவரி 6 சாமி தேசிய தினத்துக்கு உடை தைக்கிறது. அதே வீட்டில் தாத்தா "இதெல்லாம் எதற்கு" என்கிறார். இரண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். மன்னிப்புச் செய்தி வந்த கிழமை அந்த மேசையில் என்ன பேசினார்கள் என்பதுதான் எனக்கு ஆவல்.

வெளிச்ச மேசையில் எதிரில் நின்ற என் பழைய தோழியிடம் கேட்டேன். பேத்தி சாமி மொழி வகுப்புக்குப் போகிறாளாம். தானும் சேரலாமா என்று யோசிக்கிறாராம். "அம்மா ரெலிபோனில் என்ன பேசினாள் என்று இப்போதாவது தெரியவேண்டாமா?" என்கிறார். ஊர்க்கிசுகிசுதான் இருக்கும் என்றேன். அதுதான் வேண்டும் என்றார்.

26 ஜனவரி

மான் விஷயத்தை விட்டுவிட்டேன் என்கிறார்கள். மானும் உண்டு. கோடையில் நோர்ட்ஷினுக்கு மந்தைகள் மேய வருகின்றன. காற்றாலையும் உண்டு: 2006இல் ஷொல்லஃபியோர்டுக்கு மேலே 17 விசைக்காற்றாடி வந்தது.

அதைவிடப் பெரிய சண்டை டாவ்வி. லெபெஸ்பியின் தெற்கு மேட்டுநிலத்தில், சாமிகள் புனிதமாகக் கருதும் ராஸ்திகாய்சா மலைக்குப் பக்கத்தில் பெரிய காற்றாலைத் திட்டம். கொம்யூனுக்கு வருமானம் வரும். மான் மேய்ப்பவருக்கு மேய்ச்சல் போகும். 2021இல் ஃபோசென் வழக்கில் உச்ச நீதிமன்றம் அங்கே கட்டிய காற்றாலைகளின் அனுமதி சாமிகளின் பண்பாட்டு உரிமையை மீறியது என்று தீர்ப்பளித்த பிறகு, யாரும் முன்புபோல் துணிந்து கையெழுத்துப் போடுவதில்லை.

என் நிலைப்பாடு கேட்டால், ஆயிரத்து இருநூறு பேர் உள்ள கொம்யூன் பணம் வேண்டும் என்பதைப் பேராசை என்று ஒஸ்லோவில் இருந்துகொண்டு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மீன் உரிமை ஊரில் நின்றிருந்தால் காற்றை விற்கும் அவசியம் வந்திருக்காது.

3 பெப்ரவரி

தமிழர் ஏன் அங்கேயே தங்கவில்லை என்ற கேள்விக்கு. வேலை பிடிக்காமல் இல்லை. ஒரு காலத்தில் வார்டொ முதல் பல ஊர்களில் ஆலை வரிசை முழுக்கத் தமிழ் கேட்கும். ஆனால் மீன் வராத கிழமை வேலை இல்லை. உறைந்த மீனை முழுசாகவே ஏற்றுமதி செய்து வேறு நாட்டில் வெட்டுவது மலிவு என்று கண்டுபிடித்துவிட்டார்கள், ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. பிள்ளைகள் மேல்வகுப்புக்கு வீட்டைவிட்டுப் போக வேண்டும். நாங்கள் அங்கிருந்து கிளம்பிய வருடம் எங்களோடு இன்னும் சில குடும்பங்கள் கிளம்பின. 2004க்குப் பிறகு லித்துவேனியரும் போலந்துக்காரரும் அந்த இடத்துக்கு வந்தார்கள். வரிச்சலுகை இருந்தும் ஏன் என்று நவம்பரில் கேட்டவருக்கு இதுதான் பதில்.

அங்கிருந்து கிளம்பிய நாள் புயல். மலைவீதியைப் பூட்டி, பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் கார்களை வரிசைகட்டி அனுப்புவார்கள். முன்கார் பின்விளக்கைத் தவிர ஒன்றும் தெரியாது. நடுவில் என்னவருக்குச் சிறுநீர் முட்டி, வரிசையை நிறுத்தவும் முடியாமல் பட்ட பாடு இன்னும் வீட்டில் கதை.

6 ஏப்ரல்

கோடையில் போகிறேன், என்ன பார்க்கலாம் என்று தம்பி எழுதியிருக்கிறார். ஹூர்ட்டிக்ரூட்டனில் போனால் ஷொல்லஃபியோர்டுக்கு முன் ஃபின்ஷிர்க்கா என்ற கடற்பாறை வரும், பழைய சாமி வழிபாட்டிடம். பயணிகள் படம் எடுப்பார்கள், கப்பல் சற்று நேரம் துறையில் நிற்கும், கிளம்பிவிடும். ஃபியோர்ட் ஊர்கள் அந்தப் பாதையில் இல்லை.

அவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் லக்செல்வில் விமானத்தைவிட்டு இறங்கிக் கார் எடுங்கள். 98ஆம் வீதி கூனெஸ் வழியாக இஃபியோர்டுக்குப் போகும். அங்கிருந்து 888 வடக்கே திரும்பி லெபெஸ்பி கிராமம், ஹொப்செய்டெ தாண்டி மேலே ஏறும். யாரிடமும் எடுத்தவுடன் நீங்கள் சாமியா என்று கேட்காதீர்கள், என்னைப்போல் பதில் வாங்குவீர்கள். மீன் எப்படி என்று கேளுங்கள்.

மீன் நன்றாக இல்லை என்பார்கள். நோர்வேயும் ரஷ்யாவும் சேர்ந்து 2025க்குப் போட்ட கொட் அளவு 340,000 தொன், 2024இல் சுமார் 453,000. 1991க்குப் பிறகு அதுவரை இவ்வளவு குறைந்ததில்லை. மீன் குறையும்போது விதியை யார் எழுதுகிறார்கள் என்று பாருங்கள். 1990இல் யாரும் பார்க்கவில்லை. இந்தத் தடவை சாமி நாடாளுமன்றம் இருக்கிறது, சின்னப்படகுக்காரர் சங்கம் கட்டியிருக்கிறார்கள், பத்திரிகைக்காரர் கேள்வி கேட்கிறார்கள். கேட்டுவிட்டு வந்து இங்கே எழுதுங்கள். கோடையானாலும் கையுறை எடுத்துப் போங்கள்.